மாஜிதா உப்புப் பார்த்த நோன்பு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆயிரம் பேருக்கு ஆக்கிப்போட வேண்டுமென்றால் சேக் முகைதீனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாத மனுசர் யார் என்று கேட்டாலும் அவரைத்தான் கை காட்ட வேண்டும்.

கல்யாணச் சமையல்காரரைப் பாய் வீடுகளில் பண்டாரி என்பார்கள். பண்டாரிக்கு எல்லாம் மூட்டைக் கணக்கு. அரிசி என்றால் சிப்பம், எண்ணெய் என்றால் டின், உப்பு என்றால் கை. சிட்டிகை என்ற சொல் சேக் முகைதீன் வாயில் வந்ததே கிடையாது. அப்பேர்ப்பட்டவர் மாசி வெயிலில் சொந்த வீட்டு அடுப்படியில், உழக்கு அரிசிகூடக் கொள்ளாத ஒரு சட்டிக்கு முன்னால் நின்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். ஒரு ஆளுக்குப் பிரியாணி போடுகிறேன் என்று ஆரம்பித்தவர் தெருவுக்கே கொடுத்தனுப்ப வேண்டியதாகிவிட்டது.

அந்த ஒரு ஆள் அவர் வீட்டுக்காரி மாஜிதா. மார்பில் கட்டி. மதுரையில் அறுத்து எடுத்தாயிற்று. அதற்குப் பிறகு கீமோ மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முடி போய், புருவம் போய், பின்னாலேயே சதையும் போய்க்கொண்டிருந்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு தடவை. அதற்குத்தான் டாக்டர் முட்டுக்கட்டை போட்டார்.

"எடை இப்படி எறங்கிட்டே வந்தா அடுத்த மருந்து ஏத்த முடியாது, பாய். தள்ளித்தான் போடணும். தள்ளிப்போடுறது நல்லதில்ல. எப்படியாவது சாப்பிட வைங்க."

சாப்பிட வைங்க! ஊருக்கே சாப்பாடு போட்ட மனுசரிடம் சொல்கிற சொல்லா அது? சேக் முகைதீனுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஷெரின்தான் பக்கத்தில் வந்து நின்றாள். தளவாய்புரத்துப் பிள்ளை. நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டால் அவளுக்கும் நாக்கு தானாகத் திரும்பிவிடும்.

"மொத்தமா வச்சுத் திணிக்காதீக. கொஞ்சங்கொஞ்சமா, செத்த நேரத்துக்கு ஒருக்கக் குடுங்க. கொதிக்கக் கொதிக்க வேண்டாம், சூட்டுல வாசம் தூக்கும், கொமட்டும். ஆற வச்சுக் குடுங்க. சில்வர் கரண்டிய மொதல்ல தூரப் போடுங்க. அவியளுக்கு வாயே இரும்பாக் கெடக்கும், அதுல இன்னும் இரும்பா?"

வந்த அன்றே சில்வர் கரண்டியெல்லாம் பரண் ஏறிவிட்டது. சிரட்டை அகப்பை ஒன்றை வாங்கி, தேய்த்து வழுவழுப்பாக்கி வைத்தார். கல்யாண வீட்டில் கறிக்கு நின்றுவிட்டு வந்தால் பள்ளிவாசல் ஹவுதுத் தொட்டியிலேயே கைகால் கழுவி, சட்டை மாற்றி, நெய் வாசனை போன பிறகுதான் வீட்டு வாசற்படி ஏறுவார். எல்லாம் செய்தும் மாஜிதா தட்டை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு வாய், புள்ள."

"வச்சாத்தான. துருப்பிடிச்ச ஆணியச் சப்புன மாதிரி இருக்குங்க."

"இது இடியாப்பம்டீ. தேங்காப்பாலு ஊத்தியிருக்கேன்."

"ஊத்துங்க. ஆணிய ஊற வச்சா ஆணிதான."

"அப்ப என்னதான் வேணும்? சொல்லு, ஆக்கித் தாரேன்."

"எதுக்க உக்காந்து என் வாயவே பாக்காதீக, அது போதும்."

சொந்தக்காரர்கள் பார்க்க வந்தால் கையில் பால்கோவாப் பெட்டி இல்லாமல் வரமாட்டார்கள். நம்மூரில் வேறென்ன வாங்குவது? அந்தப் பெட்டியைத் திறந்தாலே அவளுக்குக் குடலைப் புரட்டியது. பால்கோவா ஊரில் பிறந்து பால் வாசனை ஆகாமல் போவதென்றால் அது என்ன சோதனை பாருங்கள்.

இந்த நிலைமையில்தான் ரமலான் பிறை தெரிந்தது.

நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை. பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜரத்தே ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். மாஜிதாவும் சரி என்று தலையை ஆட்டினாள். ஆட்டின தலை வேறு, நெஞ்சு வேறு. நோன்பு பிடித்திருக்கிற புருசன் உமிழ்நீரைக்கூட யோசித்து விழுங்கிக்கொண்டு அடுப்படியில் வெந்துகொண்டிருக்க, அவர் ஆக்கினதை அவர் கண் முன்னால் மெல்லுவதா? "நீங்க வச்சுட்டுப் போங்க, நான் பொறவு சாப்பிடுறேன்" என்பாள். அவரும் நம்பி வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவார். வந்து பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்கும். அவருக்கு ஒரே சந்தோசம்.

பக்கத்து வீட்டு வெள்ளாடு நாளுக்கு நாள் கொழுத்தது. ஒருநாள் அதன் தாடியில் ரசக்கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்ததைச் சேக் முகைதீன் பார்த்தார். பார்த்தவர் ஆட்டை ஒன்றும் சொல்லவில்லை. அவளையும் ஒன்றும் சொல்லவில்லை. தெருவோரக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை ராஜபாளையத்திலிருந்து மகள் ஆலியா வந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது தாயின் ஊரிலேயே. வாசலில் கிடந்த ஆட்டுப் புழுக்கையைப் பார்த்ததுமே அவளுக்கு விசயம் புரிந்துவிட்டது. கெட்டிக்காரி. உள்ளே போய்ப் பிடித்தாள் ஒரு பிடி. சேக் முகைதீன் நடைச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நோன்பு இல்லாத ஆளுதான நீங்க? தின்னா என்ன?"

"நோன்பாளி முன்னால வாய அசைக்கச் சொல்லுதியா? தொண்டையில எறங்காது ஆலியா."

"அத்தாவ வெளிய போகச் சொல்லுறேன்."

"அவுக போனா? வெயிலுல வெறும் வயித்தோட நின்னு ஆக்கினாகளே, அந்த நெனப்பு வெளிய போகுமா?"

"அப்ப மருந்து ஏத்த வேண்டாமா? நீங்க பிழைக்க வேண்டாமா?"

மாஜிதாவின் குரல் இறங்கிவிட்டது.

"நோன்பும் இல்ல. நின்னு தொழ முடியல. ஒரு உள்ளி உரிச்சுக் குடுக்க ஆகல. ஒண்ணுக்கும் ஆகாம ஓசிச் சோறு திங்கதுக்கு ஒரு மனுசி எதுக்குட்டி?"

ஓசிச் சோறு. அந்தச் சொல் சேக் முகைதீனின் காதில் விழுந்தது. முப்பது வருசத்துக்கு நெருங்கின குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து வராத சொல். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு பள்ளிவாசலைப் பார்க்க நடந்துவிட்டார்.

பள்ளிவாசலில் கஞ்சி வேலை ஆரம்பிக்கிற நேரம். வருசாவருசம் நோன்புக் கஞ்சி அவர் பொறுப்பு. மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டி, பச்சரிசிக் குருணையும் பாசிப்பருப்பும் வெந்தயமும் போட்டு, கொத்துக்கறி வதக்கிச் சேர்த்து, பூண்டு, புதினா, கடைசியில் தேங்காய்ப்பால் என்று சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் அடி பிடிக்கும். அஸருக்கு மேல் தெருவில் உள்ள பாய்மார், பாய் அல்லாதவர் எல்லோரும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆக்குகிற ஆள் நோன்பு. நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம், தோசமில்லை என்று சொல்லுகிறவர்களும் உண்டு. சேக் முகைதீன் அதற்கெல்லாம் ஒத்துக்கொள்கிற ஆளில்லை. அப்போ உப்புப் பார்ப்பது யார்? கண்ணுச்சாமி. விறகு கொண்டுவந்து போட்டு, அண்டா இறக்கி, சுமை தூக்குகிறவன். வாலிப வயசிலிருந்து அவன்தான் அந்தப் பள்ளிவாசல் கஞ்சிக்கு நாக்கு. ஒரு தம்ளர் குடித்துவிட்டு, "இருக்கு பாய்" என்றாலோ, "அரைக் கை" என்றாலோ அதோடு சரி. மேல்முறையீடு கிடையாது.

அவன் நாக்கு கிடைக்காமல் போனது ஒரே ஒரு வருசம்தான். ரமலான் அந்த வருசம் கார்த்திகையில் வந்தது. கண்ணுச்சாமி மலைக்கு மாலை போட்டுவிட்டான். கருப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வந்து, "பாய், கறிக்கஞ்சி இந்த வருசம் நமக்கு ஆகாது" என்று ஒதுங்கி நின்றான். சேக் முகைதீனுக்கு அப்போது மாஜிதாவின் ஞாபகம் வந்தது. ஆலியா வயிற்றில் இருந்ததால் அந்த வருசம் அவளுக்கு நோன்பு இல்லை. ஒரு பருக்கை உள்ளே தங்காமல் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாள். மூடி போட்ட தம்ளரில் கஞ்சியை, தன்மேல் பட்டுவிடாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, சாமியே சரணம் என்று கண்ணுச்சாமிதான் கொண்டுபோய் வைத்தான். அவள் ஒரு மடக்குக் குடித்து உப்புச் சொன்னாள். உப்புச் சொல்லிவிட்டு மீதியையும் குடித்தாள். மறுநாளும் குடித்தாள். வாந்தி வரவில்லை.

அந்த வருசக் கஞ்சி மாதிரி பிறகு வந்ததே இல்லை என்று இன்றைக்கும் பெரிய ஆட்கள் சொல்வார்கள். சும்மா இல்லை, மாஜிதாவின் நாக்கு அப்படி. கல்யாணமே அந்த நாக்கால் நடந்ததுதான். ராஜபாளையத்தில் ஒரு நிக்காஹ் வீடு. சேக் முகைதீன் அப்போது தாய்மாமனுக்குக் கீழே கைவேலை பார்த்துக்கொண்டிருந்த பொடியன் பண்டாரி. சோற்றுக்கு ஊற்றுகிற பருப்புக் குழம்பு, தால்சா, அன்றைக்கு அவர் பொறுப்பு. பந்தி நடுவில் பெண்கள் பக்கமிருந்து ஆள் வந்தது. "தால்சாவுல உப்புக் கம்மியாம், ஒரு பொண்ணு சொல்லிவிட்டுச்சு." சேக் முகைதீனுக்கு வந்ததே கோபம்! "எவ அவ?" என்று குதித்தார். தாய்மாமன் பேசாமல் அண்டாவில் ஒரு கரண்டி மொண்டு வாயில் விட்டார். இன்னொரு தடவை விட்டார். பிறகு ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏலே, கோவப்படாத. ஊரே கம்முனு திங்கு, அது ஒருத்திக்குத்தான் தெரிஞ்சிருக்கு. யாரு வீட்டுப் புள்ளன்னு விசாரி. விட்றாத."

அதே தாய்மாமன் சொல்வார், பண்டாரிக்குப் பாராட்டு என்று ஒன்று கிடையாது. தப்பு வந்தால் ஊர் பேசும். சரியாக இருந்தால் ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள், இன்னொரு கரண்டி கேட்பார்கள். அதுதான் கணக்கு.

துடுப்புப் போட்டுக்கொண்டே இதையெல்லாம் நினைத்த சேக் முகைதீன் சட்டென்று கையை நிறுத்தினார்.

"ஏலே கண்ணு. நாளையிலேருந்து நீ உப்புப் பாக்க வேண்டாம்."

"ஏன் பாய்? என் நாக்குல என்ன புழுவா நெளியுது?"

"புண்ணுன்னு சொல்லு. வாய்ப்புண்ணு, காரம் படக்கூடாதுன்னு சொல்லு."

"யார்ட்ட?"

"மாஜிதாட்ட. நீ போய்ச் சொல்லு. நோன்பு இல்லாத ஆளு வேற யாரும் தோதா இல்ல, நீங்கதான் பாக்கணும்க்கான்னு சொல்லு."

கண்ணுச்சாமி விறகைக் கீழே போட்டான். மாலை போட்ட வருசம் அவனுக்கும் ஞாபகம் வந்துவிட்டது போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்று சொன்னான்.

மறுநாள் அஸருக்கு முன்னால் தம்ளரோடு போய்ச் சொன்னான். மாஜிதா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பினாள்.

"எனக்கே வாய் சரியில்ல கண்ணு."

"உங்க சரியில்லாத வாயி எங்க சரியான வாய விடத் தேவல அக்கா. அங்க அண்டா கொதிக்கி, பாய் கையப் பெசையுதாரு. ஊருக்கே ஊத்தணும். நீங்க பாத்தா பாருங்க, இல்லாட்டி அல்லா விட்ட வழி."

ஊர் என்றதும் எழுந்து உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். சிரட்டை அகப்பையால் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, நாக்கில் வைத்து உருட்டினாள். இன்னொரு வாய். சந்தேகத்துக்கு இன்னும் ஒன்று. அப்படியே அரைத் தம்ளர் இறங்கிவிட்டது, அவளுக்கே தெரியாமல்.

"உப்புப் பத்தவே பத்தாது. ரெண்டு கை போடச் சொல்லு. நல்லா, நெறஞ்ச கை."

கண்ணுச்சாமி வந்து சொன்னான். சேக் முகைதீன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ராஜபாளையத்துத் தால்சாவில் தவறாத நாக்கு. ரெண்டு கையையும் நிறைத்து அள்ளி அண்டாவில் விட்டார்.

அன்றைக்கு நோன்பு திறக்க மஃரிப் பாங்கு சொல்லி, பேரீச்சம்பழத்தைக் கடித்து, கஞ்சியை வாயில் வைத்த ஜமாஅத்தார் முகங்களைப் பார்த்திருக்க வேண்டுமே! பகல் பூராவும் தாகத்தில் கிடந்த தொண்டை. ஒருத்தர் இருமினார். ஒருத்தர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். தண்ணீர்ப் பானை ரெண்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலி. பள்ளிவாசல் செயலாளர் ஜபருல்லா, மளிகைக்கடைக்காரர், கிண்ணத்தோடு எழுந்து அண்டாப் பக்கம் வந்தார்.

"என்ன சேக்கு, என் கடையில உப்பு வெலை எறங்கிப்போச்சா? மூட்டையோட கவுத்திட்டியா?"

சேக் முகைதீன் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அதன் பிறகு அவருக்குக் காது கேட்கவில்லை. ஜபருல்லா திட்டினது, இளவட்டங்கள் சிரித்தது, ஒன்றும் ஏறவில்லை. அவள் முடி போனபோது தேறிக்கொண்டார். மார்பை எடுத்தபோதும் அவளைத் தேற்றினார். அந்த நாக்கும் போய்விட்டது என்று தெரிந்தபோதுதான் தொழுகைக்கு நின்ற இடத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

கண்ணுச்சாமி வெளியே காத்துக்கொண்டிருந்தான். "அப்பவே எனக்குச் சந்தேகம் பாய். இனிமே வேண்டாம், நானே பாக்கேன்."

"அவ கேப்பாளே."

"என்னன்னு?"

"ஏன் நிப்பாட்டிட்டீகன்னு. தப்பாச் சொன்னேனான்னு கேப்பா. சொன்னம்னா அதோட அவ வாயத் தொறக்கமாட்டா. அரைத் தம்ளர் குடிச்சாளாம்லடே! இந்த மாசத்துல அவ முழுசா விழுங்குனது அதுதான்."

கண்ணுச்சாமி தலையைச் சொறிந்துகொண்டே ஆரம்பித்தான்.

"அண்டாவுக்கு நான் பாக்கேன். அக்காவுக்குத் தனியா ஒரு சட்டியில எடுத்துருவோம். அவிய சொன்ன உப்ப அதுல மட்டும் போட்டு, சரியாயிருக்கா பாருங்கன்னு திரும்பக் கொண்டுபோறேன். ஒரு தம்ளருக்கு ரெண்டு தம்ளர் ஆச்சா இல்லையா?"

"ஏலே! உனக்கு மூளை இருக்குன்னு இத்தன வருசம் ஒரு பய சொல்லலையே."

மறுநாள் மாஜிதா முதலில் கேட்டது அதைத்தான். "நேத்து எப்படி இருந்துச்சாம்?"

"ஊரே சொல்லுது" என்றார் சேக் முகைதீன். அது பொய்யும் இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு ஆபீஸ் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். லுஹர் முடிந்ததும் மாஜிதா முகம் கழுவி, தலைக்குத் துணி கட்டி, சுவரில் சாய்ந்து தயாராக உட்கார்ந்துவிடுவாள். தம்ளர் வரும். கண்ணை மூடிப் பார்ப்பாள். "உப்பு மட்டா இருக்கு. புதினாவும் போதாது." தம்ளர் போகும், திரும்பி வரும். "இப்ப ஒருவாறா இருக்கு. ஆனா பருப்பு வேகல." சட்டியில் சேக் முகைதீன் ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கலந்திருப்பார், கறி இரண்டு பங்கு அரைத்துவிட்டிருப்பார், தேங்காய்ப்பால் முதல் பால். பருப்பு வேகவில்லை என்று திட்டிக்கொண்டே அவள் அத்தனையையும் விழுங்கினாள். திட்டத் திட்ட அவருக்குத் தெம்பாக இருந்தது.

ஆசை யாரை விட்டது? காலையிலும் ஒரு ஆபீஸ் திறந்தார். பெருநாளைக்கு மம்சாபுரத்தில் ஒரு கல்யாண ஆர்டர், தால்சா இன்னும் பிடிபடவில்லை, பதம் பார்க்க வேண்டும் என்று ஒரு கிண்ணம் ஆற வைத்துக் கொண்டுவந்தார். ஆர்டரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவள் அதிலும் உப்பைக் கூட்டச் சொன்னாள், புளியைக் கூட்டச் சொன்னாள், ரெண்டு வாய் சோற்றில் பிசைந்து தின்றும் பார்த்தாள். "சோத்தோட சேந்தாத்தான தெரியும்" என்று அவளாகவே சொன்னாள். ஷெரினுக்குப் போன் போட்டு, உப்பு இம்புட்டுச் சேரலாமா என்று கேட்டார். பிரசர் இல்லாததால் இப்போதைக்குப் பரவாயில்லை, வயிற்றுக்குள் போவதுதான் முக்கியம் என்றாள் அவள்.

பக்கத்து வீட்டு வெள்ளாடு இளைத்துக்கொண்டு வந்தது.

எடை பார்க்க ஒரு இடம் வேண்டுமே. ஜபருல்லா கடையில் மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு இருந்தது. மருந்துக்கு மதுரைக்குப் போகிற நாள் நெருங்கினபோது ஆட்டோவில் அவளை அங்கே கூட்டிப்போனார். பருப்பு மூட்டைக்கும் உப்பு மூட்டைக்கும் நடுவில், முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, வெட்கத்தோடு பலகையில் ஏறி நின்றாள். ஜபருல்லா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிவப்பு எழுத்தை வாசித்தார். சேக் முகைதீன் திரும்பி நின்றுகொண்டார். அவருக்குப் பார்க்கப் பயம்.

"ஏறியிருக்கு சேக்கு! போன தடவ ஆஸ்பத்திரியில சொன்னதுக்குக் கூடத்தான் இருக்கு. இங்க வா, நீயே பாரு."

பார்த்தார். எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. கடையில் நின்ற ஆட்களைப் பற்றிக் கவலைப்படாமல் உப்பு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சந்தோசத்தில் ஜபருல்லாவுக்கு வாய் நிற்கவில்லை. "எல்லாம் கஞ்சி மகிமை. ஆனா அன்னைக்கு ஒருநா ஊத்தினீகளே, யா அல்லா, ஊரே தண்ணிய மொண்டு மொண்டு குடிச்சிச்சு..."

"என்னைக்கு?" என்றாள் மாஜிதா.

கூட வந்திருந்த கண்ணுச்சாமி ஆட்டோவுக்குப் பக்கத்திலிருந்து ஜபருல்லாவை முறைத்தான். சேக் முகைதீன் மூட்டைமேல் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிடாத குறை. ஜபருல்லா கடை வைத்துப் பிழைக்கிறவர், முகம் பார்க்கத் தெரியும்.

"வெயிலச் சொன்னேன், தங்கச்சி. அன்னைக்கு வெயிலு அம்புட்டு."

மாஜிதா உப்பு மூட்டையை ஒரு பார்வை, புருசனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

மதுரைக்குப் போகிறதுக்கு முந்தின நாள். மேகம் போட்டு, மலைப் பக்கமிருந்து காற்று கொஞ்சம் குளிர்ந்து வந்தது. கண்ணுச்சாமி விறகு அடுக்கிக்கொண்டிருந்ததால் சேக் முகைதீனே தம்ளரைக் கொண்டுவந்தார். தனிச் சட்டிக் கஞ்சி. நேற்று அவள் சொன்ன உப்பு, அதற்கு முந்தின நாள் சொன்ன உப்பு எல்லாம் சேர்த்து முன்கூட்டியே போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

மாஜிதா ஒரு வாய் வைத்தாள். கண் திறந்துகொண்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்படியே முற்றத்தில் துப்பினாள்.

"என்னங்க இது! கடல மொண்டு கொண்டாந்தீகளா? உப்புக் கரிக்குது!"

சேக் முகைதீன் அசையாமல் நின்றார்.

"என்ன சொன்ன?"

"உப்புக் கரிக்குதுங்கேன். வாயில வைக்க வெளங்கல."

"இன்னொருக்கச் சொல்லுட்டி."

"உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? உப்பு! உப்பு! கரிக்குது!"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, ரெண்டு கையையும் ஏந்தி, அல்ஹம்துலில்லாஹ் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே அழுதார். சிரித்துக்கொண்டே அழுதார். மாஜிதா தம்ளரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மெல்ல மெல்ல அவள் முகம் மாறியது.

"ஜபருல்லா அண்ணன் சொன்ன தண்ணி..."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது வெயிலு இல்ல. என் நாக்கு."

"ஒரே ஒரு நாளுதான், புள்ள."

"அப்ப மத்த நாளெல்லாம்?"

"அண்டாவுக்குக் கண்ணு பாத்தான். இது உனக்குத் தனிச் சட்டி."

"அவனுக்கு வாய்ப்புண்ணு?"

"ஒரு புண்ணும் கெடையாது."

"மம்சாபுரத்து ஆர்டரு?"

"அதுவும் இல்ல."

மாஜிதாவுக்குக் கோபம் வந்தது, அது பொய்யில்லை. "பச்சப்புள்ளைக்கு நெலாவக் காட்டிச் சோறூட்டுத மாதிரி ஊட்டியிருக்கீக. நானும் என்னமோ ஊருக்கு வேலை செய்யுதேன்னு முக்காட்டப் போட்டு உக்காந்திருக்கேன்." குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே, "அன்னைக்கு எல்லாரும் ரொம்பத் திட்டுனாகளா உங்கள?" என்று கேட்டாள்.

"திட்டுனாக. சொகமா இருந்துச்சு."

"போங்க அங்கிட்டு" என்றாள். முகம் பூராவும் நனைந்து, எங்கேயோ ஒரு மூலையில் சிரிப்பும் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்ளரை நீட்டினாள். "இதக் கொட்டுங்க. அண்டாவுல இருக்கிறத மொண்டு வாங்க. ஊரு குடிக்கிறத."

ஓடினார் மனுசர். அந்த வயசில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. கொண்டுவந்து கொடுத்தார். கண்ணுச்சாமியும் கையில் விறகுத் தூசியோடு பின்னாலேயே வந்து வாசலில் நின்றான். அவள் ஆற்றி, கண்ணை மூடி, நாக்கில் உருட்டினாள்.

"அரைக் கை வேணும்."

"அக்கா, நான் இப்பத்தான் பாத்தேன். சரியா இருக்கு" என்றான் கண்ணுச்சாமி.

"உன் நாக்குக்குச் சரியா இருக்கும்டே. அரைக் கை."

"பாய், வேண்டாம். ஒருக்க பட்டாச்சு. நாளைக்கு ஊருக்குப் போற நேரத்துல வம்பா?"

சேக் முகைதீன் நோன்பு. வாயில் வைத்துப் பார்க்க முடியாது. இந்தப் பக்கம் இத்தனை வருசம் பள்ளிவாசல் நம்பின நாக்கு. அந்தப் பக்கம் மருந்தில் செத்து இன்றைக்குப் பகல்தான் உயிர் வந்த நாக்கு. பள்ளிவாசலுக்கு நடந்தார். உப்புச் சட்டிக்குள் கையை விட்டார். கண்ணுச்சாமி வானத்தைப் பார்த்து முருகா என்றான். அரைக் கை உப்பு அண்டாவுக்குள் போனது.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் கடித்தார்கள். கிண்ணங்கள் வாய்க்குப் போயின. சேக் முகைதீன் தன் கிண்ணத்தைத் தொடாமல் அண்டாப் பக்கம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உறிஞ்சுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஜபருல்லா கிண்ணத்தோடு எழுந்து அண்டாவை நோக்கி வந்தார். கண்ணுச்சாமி வாசலில் நின்றவன் ரெண்டடி பின்னால் போனான்.

"இன்னைக்கு உப்பு யாரு பாத்தா?"

"எங்க வீட்டுல" என்றார் சேக் முகைதீன்.

ஜபருல்லா காலிக் கிண்ணத்தை நீட்டினார். "இன்னொரு கரண்டி ஊத்து."

தொழுகை முடிந்து, தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மாஜிதா விளக்கைப் போட்டு, ரெண்டு கிண்ணத்தையும் சிரட்டை அகப்பையையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லல, புள்ள."

அவள் தன் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்பச் சரி. ஊத்துங்க. நெறைய."